ஆர்.ஓ., யு.வி., யு.எஃப். மூன்றும் ஒரே பெட்டியில்: யாருக்குத் தேவை, எங்கே சறுக்குகிறது

வீட்டுக்குக் குடிநீர் இயந்திரம் வேண்டும் என்று கேட்டால் கடையில் முதலில் காட்டுவது ஆர்.ஓ. (நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்குவது), யு.வி. (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது), யு.எஃப். (நுண்துளை வடிகட்டி) ஆகிய மூன்றும் சேர்ந்த வகையைத்தான். உப்பு மிகுந்த போர் தண்ணீருக்கும், ஃப்ளோரைடு, நைட்ரேட் கலந்த தண்ணீருக்கும் இது சரியான கருவி. உப்பு குறைந்த, குளோரின் கலந்து வரும் குழாய்த் தண்ணீருக்குப் பெரும்பாலும் வேண்டாத செலவு, வீணாகும் தண்ணீர்.

விற்பனையாளர் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மி.கி. கணக்கில்) மீட்டரை டம்ளரில் முக்கி ஓர் எண்ணைக் காட்டுவார். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத் திறனை மட்டுமே. 150 காட்டும் தண்ணீரில் கிருமியும் ஈயமும் இருக்கலாம், மீட்டருக்குத் தெரியாது. 600-க்குள் இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடல்நலத்தை வைத்து டி.டி.எஸ்.ஸுக்கு அது வரம்பு எதுவும் வகுக்கவில்லை. இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டினால் நம்ப வேண்டாம். இரும்புக் கம்பி கரைந்துதான் அந்த நிறம் வருகிறது. உப்புள்ள எந்த நல்ல தண்ணீரும் அப்படி மாறும்.

ஆகவே வாங்கும் முன் ஆய்வகச் சோதனை. மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லிட்டருக்கு நைட்ரேட் 50 மி.கி., ஃப்ளோரைடு 1.5 மி.கி., ஆர்சனிக், ஈயம் இரண்டும் 0.01 மி.கி. தாண்டக் கூடாது. ஈயத்துக்கான மாதிரியை, இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரிலிருந்து காலையில் முதல் பிடியாக எடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலையே பயன்படுத்தி, பனிக்கட்டியில் வைத்து அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.

இனி இயந்திரத்துக்குள். முதலில் மண், தூசியைப் பிடிக்கும் 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், அடுத்து கார்பன், அதற்குப் பின் மெம்பரேன் எனப்படும் ஆர்.ஓ. சவ்வு. கார்பன் சுவைக்காக மட்டும் இல்லை. குளோரின் பட்டால் மெம்பரேன் அரித்துப்போகும், அதைக் காப்பதே கார்பனின் முதல் வேலை. கார்பனை மாற்றாமல் இழுத்தடித்தால் கடைசியில் அழிவது மெம்பரேன்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அதைக் குறைக்கிறேன் என்று கழிவுக் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை இறுக்கினால் மெம்பரேன் மீது உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கழிவு நீரைப் பிடித்து வைத்துத் தரை துடைப்பதே மேல்.

இந்த வகையின் மோசமான குறை டி.டி.எஸ். அட்ஜஸ்டர். தண்ணீர் 'சப்பென்று' இல்லாமல் இருக்க, மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரை யு.எஃப். வழியாக இது கலந்துவிடுகிறது. யு.எஃப். கிருமியைத் தடுக்கும், கரைந்திருக்கும் ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட்டைத் தடுக்காது. ஒரு கணக்கு: உள்ளே வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு 4 மி.கி., மெம்பரேன் அதை 0.3 ஆக்குகிறது. அட்ஜஸ்டர் 40 சதவீதம் கலந்தால் டம்ளரில் விழுவது ஏறக்குறைய 1.8. வரம்பைத் தாண்டியாயிற்று! இந்த நச்சுகளுக்காக வாங்குபவர்கள், மாட்ட வரும் ஆளிடம் அட்ஜஸ்டரை முழுதாக மூடச் சொல்ல வேண்டும்.

யு.வி. விளக்கு எரிகிறது என்பதால் கிருமி சாகிறது என்று பொருள் இல்லை. சுமார் 9000 மணி நேரத்தில் அதன் வீரியம் இறங்கிவிடும், நீல ஒளி மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்புக்கறை படிந்தாலும் இதே கதை. தொட்டியில் தேங்கும் தண்ணீரில் குளோரின் கிடையாது என்பதால் கிருமி மறுபடி வளரலாம்; தொட்டிக்குப் பிறகு யு.வி. இருக்கும் மாடலைத் தேடுங்கள். இரண்டு நாள் வெளியூர் போனால் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

சோதனையில் கிருமி மட்டும் தெரிந்து தண்ணீர் தெளிவாக இருந்தால் செடிமென்ட், கார்பன், யு.வி. போதும், அதுவரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடிக்கலாம். நைட்ரேட்டுக்குக் கொதிக்க வைப்பது உதவாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். ஈயத்துக்கு, அதை நீக்கும் என்று என்.எஸ்.எஃப். 53 என்ற அமெரிக்கத் தரச் சான்றில் குறிப்பிட்டிருக்கும் கார்பன் பிளாக் (கட்டியாக அழுத்திய கார்பன் வடிகட்டி). குளோரின் வாடை மட்டும் என்றால் சாதாரணக் கார்பனே போதும்.

ஆர்.ஓ. தான் என்று முடிவானால், மாட்டிய அன்று முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அட்ஜஸ்டர் மூடிய நிலையில் உள்ளே போகும் டி.டி.எஸ்., வெளியே வரும் டி.டி.எஸ். இரண்டையும் தேதியோடு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். 500 போய் 40 வந்தால் 92 சதவீதம் நீங்குகிறது. மாதம் ஒருமுறை அளந்து, நீங்குவது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மெம்பரேனை மாற்றுங்கள்.