ஹார்லெம் டென் பூம் வீடு: கட்டாயம் ஏறிப் பார்க்க வேண்டிய மாடி

ஆம்ஸ்டர்டாம் வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் டூலிப் தோட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ரயிலில் இருபது நிமிடத்துக்குள் ஹார்லெம் வந்துவிடும். நாஜிகள் காலத்தில் யூதர்களை ஒளித்து வைத்த டென் பூம் என்ற கிறிஸ்தவக் குடும்பத்தின் வீடு அங்கே இருக்கிறது. அதை, விசுவாசத்தில் களைத்துப்போயிருக்கிற யாரும் தவறவிடக் கூடாது.

கீழே கடிகாரக் கடை. பக்கத்துச் சந்தில்தான் அருங்காட்சியகத்துக்கு வாசல். கட்டணம் இல்லை, காணிக்கை போடலாம்.

1844-இல் இந்த வீட்டில் யூதர்களுக்காக ஜெபக்கூட்டம் தொடங்கினார்கள். நூறு வருஷம் கழித்து, 1944 பிப்ரவரி 28 அன்று, யூதர்களை ஒளித்து வைத்ததற்காக அதே குடும்பத்தை நாஜிகள் பிடித்துப்போனார்கள். இனி வம்புக்கு வராமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பத் தலைவரான 84 வயது காஸ்பரிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனால், உதவி கேட்டு வருகிறவனுக்கு நாளைக்கே கதவைத் திறப்பேன் என்றாராம் பெரியவர். பத்து நாளில் காவலிலேயே இறந்தார். மகள் பெட்சி அந்த டிசம்பரில் ராவன்ஸ்ப்ரூக் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார்.

மேல்மாடியில் இன்னொரு மகள் கோரியின் படுக்கையறை. துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால் ஒரு பலகை நகரும். அதன் வழியே தவழ்ந்தால் போலிச் சுவருக்குப் பின்னால் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு சந்து. தட்டினால் காட்டிக்கொடுக்காமலிருக்க அந்தச் சுவரைச் செங்கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். சோதனை நடந்தபோது உள்ளே ஆறு பேர். ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே இருந்திருக்கிறார்கள். கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வழிகாட்டி அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "ஒளித்து வைத்தார்கள், ரேஷன் கார்டைக் கள்ளத்தனமாக வாங்கினார்கள். உண்மை பேசு என்ற கட்டளை என்ன ஆச்சு?" அவர் பூசி மெழுகவில்லை. கோரியின் அக்கா நோலியைப் பற்றிச் சொன்னார். தன் வீட்டில் தங்கவைத்திருந்த பெண்ணைக் காட்டி, இவள் யூதப்பெண்ணா என்று சோதனைக்கு வந்தவர்கள் கேட்டபோது, ஆமாம் என்று உள்ளதைச் சொன்னவர் நோலி. நோலியும் அந்தப் பெண்ணும் கைதானார்கள். அந்தப் பெண்ணைச் சில நாளில் நாஜி எதிர்ப்புக் குழுவினர் மீட்டுவிட்டார்கள். ஒரே வேதத்தை ஒரே மேசையில் வாசித்து வளர்ந்த அக்காவும் தங்கையும் எதிரெதிராக நடந்தார்கள். இதில் யார் சரி என்று வழிகாட்டி தீர்ப்புச் சொல்லாமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்தது. கீழ்ப்படிந்தால் எல்லாம் நன்றாக நடக்கும் என்ற பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்களுக்கு இந்த நேர்மை பெரிய ஆறுதல்.

குறை என்றால் படிகள்தான். செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். அறையும் சின்னது, கூட்டம் சேர்ந்தால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம், இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். ஆங்கிலச் சுற்றையே எடுங்கள், கேள்வி கேட்க வசதி.