பாஞ்சியா வரைக்கும் அருமை, ரோடினியாவுல கோபம்தான் வருது

பழைய கண்டங்களை நகர்த்திக் காட்டுற ஆப் ஒண்ணு ரொம்ப நாளா யூஸ் பண்றேன், இப்ப விலை குறைஞ்சிருக்கு வாங்கலாமான்னு ஃப்ரெண்ட் கேட்டான், அதான் இது. ஸ்லைடரை இழுத்தா பூமி பின்னாடி போகும்ங்கிறதெல்லாம் டெமோலயே பார்த்திருப்பீங்க, அதை விடுங்க.

எல்லாக் கண்டமும் ஒண்ணா ஒட்டியிருந்த பெருங்கண்டம்தான் பாஞ்சியா, அது சேர்றதைப் பார்க்க 42 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெச்சுட்டு மெதுவா 30 கோடி வரைக்கும் தள்ளிப் பாருங்க. மொதல்ல வட அமெரிக்காவும் வட ஐரோப்பாவும் முட்டி, நடுவுல இருந்த ஐயாபெட்டஸ் கடல் மூடிடும், ஸ்காட்லாந்து நார்வே மலைப் பாறையெல்லாம் மடிஞ்சது அந்த மோதல்லதான். அப்புறம் தெக்கேயிருந்து கோண்ட்வானா, அதாவது தென் கண்டங்கள் ஒட்டியிருந்த நிலம், ஏறி வரும். 34 கோடி கிட்ட நிறுத்தினா ரெண்டுக்கும் நடுவுல இருந்த ரீயிக் கடல் நீலமா ஒரு கீத்து மட்டும் தெரியும், இன்னும் கொஞ்சம் தள்ளினா அதுவும் போயி அப்பலாச்சியன் மலை எழும்பி நிக்கும். இந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கல.

அதுக்கு முன்னாடி போனா எரிச்சல்தான். 110லேர்ந்து 90 கோடி வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்த ரோடினியாங்கிற பழைய பெருங்கண்டத்தையும் பாஞ்சியா மாதிரியே பளிச்சுன்னு கோடு போட்டுக் காட்டுது. எந்த தைரியத்துல? பாஞ்சியா உடைஞ்சு விலகினதுக்கு நடுவுல உருவான கடல் தரையே சாட்சி. 20 கோடி வருஷத்துக்கு முந்தின கடல் தரை கிட்டத்தட்ட எல்லாமே பூமி ஓட்டுக்கு அடியில இருக்கிற மேன்டிலுக்குள்ள போயிடுச்சு, அப்ப ரோடினியாவுக்கு பாறையைத்தான் நம்பணும். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதுல இருக்கிற இரும்புத் தாது அன்னைக்கு இருந்த காந்தப்புலத்தை அப்படியே பிடிச்சு வெச்சுக்கும், அந்தக் காந்தப்புலம் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அளந்தா அட்சரேகை கிடைக்கும், தீர்க்கரேகை கிடைக்காது. கிழக்க மேற்க எங்க வேணா தள்ளி வைக்கலாம்! வட அமெரிக்காவோட மேற்கு ஓரத்துல ஒட்டியிருந்தது எதுன்னு இன்னும் சண்டை ஓயாததுக்கு இதுவும் ஒரு காரணம். 1991ல கிழக்கு அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும்னாங்க, அப்புறம் நடுவுல தென் சீனாவைச் சொருகினாங்க, சைபீரியான்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆப் ஒரே ஒரு படம்தான் காட்டும், சந்தேகம்னு ஒரு குறிகூட கிடையாது. புள்ளிக்கோடாவது போடுங்கன்னு எழுதிப் போட்டேன், அதுக்கப்புறம் வந்த அப்டேட்லயும் அதே கோடுதான்.

நியாயமா சொல்லணும்னா பாஞ்சியா சேர்றதை இவ்வளவு தெளிவா வேற எங்கயும் நான் பார்க்கல, ஆனாலும் வாங்காதடான்னுதான் சொல்லப்போறேன். அவன் பசங்களுக்குக் காட்டத்தான் கேக்குறான், அதுங்க அந்தக் கோட்டை அப்படியே நம்பிடும்.