ராவ்4 ஹைபிரிடா, சி.ஆர்-வி ஹைபிரிடா? பின் சீட்டில் உட்காருபவரைக் கேளுங்கள்

இந்த இரண்டு எஸ்யூவிகளையும் ஒப்பிடுகிறவர்கள் மைலேஜில் தொடங்கி மைலேஜிலேயே முடித்துவிடுகிறார்கள். தினமும் வேலைக்குப் போய்வரவும், விடுமுறையில் குடும்பத்தோடு 600, 700 கிலோமீட்டர் ஓடவும் ஒரே வண்டி வேண்டும் என்றால், மைலேஜ் இங்கே முடிவு செய்யும் விஷயமே இல்லை. பின் சீட்டில் யார், எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. இங்கே பார்ப்பது 2019 முதல் 2025 வரையான மாடல்களாக வந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைபிரிடையும், 2022இல் அறிமுகமான ஆறாம் தலைமுறை ஹோண்டா சி.ஆர்-வி ஹைபிரிடையும். ராவ்4 சுமார் 4.6 மீட்டர் நீளம், சி.ஆர்-வி சுமார் 4.7. அந்தப் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் இறுக்கமான பார்க்கிங்கில் மட்டும் தெரியும்.

மைலேஜ் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவின் சோதனையில் நான்கு சக்கர இயக்கமுள்ள ராவ்4 ஹைபிரிட், நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு சுமார் 5.9 லிட்டர் குடிக்கிறது. அதே வகை சி.ஆர்-வி சுமார் 6.4 லிட்டர். முன்சக்கர இயக்க சி.ஆர்-வி எடுத்தால் அதுவும் 5.9தான். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நான்கு சக்கர வண்டிகளுக்கு இடையே வரும் வித்தியாசம் 75 லிட்டருக்குள். ஒன்றரை டேங்க்கூட இல்லை. நகர ஓட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். நெடுஞ்சாலையில்தான் ராவ்4 சற்று முன்னே நிற்கிறது: 6.2 லிட்டர், எதிரே 6.9.

ஒரு எச்சரிக்கை. வீட்டிலிருந்து அலுவலகம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் என்றால் இந்த எண்கள் எதுவும் கிடைக்காது. வண்டியைக் கிளப்பியதும் எஞ்சின் தன்னையும் புகைக்குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சூடாக்கிக்கொள்ள ஓடும். குளிர் என்றால் கேபின் ஹீட்டருக்காகவும் ஓடும். சூடாகி முடிப்பதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். ஹைபிரிடின் பலன் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். நின்று நின்று போகும் நெரிசலில் இரண்டுமே சுகம். ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் நின்றிருந்தாலும் குளிர் குறையாது. பேட்டரி இறங்கும்போது எஞ்சின் சில நிமிடம் ஓடி ஏற்றிக்கொண்டு மறுபடி நிற்கும்.

உள்ளே நடப்பது வேறு வேறு

இரண்டையும் 'ஹைபிரிட்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் வேலை செய்யும் விதம் வேறு. ராவ்4இல் 2.5 லிட்டர் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதியில் (நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சிறு பல்சக்கரங்கள்) இணைந்திருக்கின்றன. எஞ்சின் திறனின் ஒரு பகுதி நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, மீதி மின்சாரமாக மாறிப் போகிறது. மொத்தத் திறன் 219 குதிரைத்திறன். சி.ஆர்-வியில் 2.0 லிட்டர் எஞ்சின் பெரும்பாலான நேரம் ஜெனரேட்டரைச் சுற்றும் வேலையை மட்டும் செய்கிறது. சக்கரத்தைத் திருப்புவது மோட்டார். சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். மொத்தம் 204 குதிரைத்திறன். பழைய அர்த்தத்தில் கியர்பாக்ஸ் என்று எதுவும் இரண்டிலும் இல்லை. பெட்ரோல் மட்டும் ஓடும் சி.ஆர்-வி 1.5 டர்போவில் உள்ள பெல்ட் சிவிடியும் (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் கியர்பாக்ஸ்) இதுவும் ஒன்றல்ல. விற்பனையாளர்களே சில நேரம் குழப்பிச் சொல்வார்கள்.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும்? நகரத்தில் சி.ஆர்-வி மின்கார் போல வழுக்கிக்கொண்டு போகும். சிக்னலில் கிளம்பும்போது ராவ்4இல் எஞ்சின் வந்து சேரும் அதிர்வு காலடியில் தெரியும், சி.ஆர்-வியில் அது குறைவு. வேகமாக முடுக்கினால் ராவ்4இன் எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இருக்கும். சி.ஆர்-வி அதை மறைக்க, கியர் மாறுவது போல எஞ்சின் வேகத்தை ஏற்றி இறக்கிக் காட்டுகிறது. ஏமாற்று வேலைதான், ஆனால் காதுக்கு இதமான ஏமாற்று.

மலைச்சாலையில் கதை மாறும். சி.ஆர்-வியின் பேட்டரி சுமார் 1 கிலோவாட் மணி, ராவ்4இன் நிக்கல் பேட்டரி சுமார் 1.6. இரண்டுமே சிறியவை. நீண்ட ஏற்றத்தில் பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் எஞ்சின் தலையில்தான். அப்போது 2.5 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு இருக்கிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியிருந்தால் அந்த வித்தியாசம் தெரியும். இரண்டுமே சத்தம் போடும், அதில் தப்பிக்க வழியில்லை.

இறக்கத்தில்தான் பலர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். கால் ஆக்சிலேட்டரில் இல்லாதபோதே எஞ்சின் திடீரென்று அலறும். பழுது இல்லை. ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டி 200 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 1.1 கிலோவாட் மணி. காற்றுத் தடையிலும் டயர் உராய்விலும் போனது போக மீதி பேட்டரிக்கு வரும்; அது ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். நிரம்பியதும் மோட்டாரால் பிரேக் பிடிக்க முடியாது, எஞ்சினைச் சுழற்றித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும். மலை இறங்கத் தொடங்கும்போதே கியர் லீவரை சி.ஆர்-வியில் 'B' நிலைக்கும், ராவ்4இல் 'S' நிலைக்கும் மாற்றிவிடுங்கள். பேட்டரி நிரம்பிய பிறகு வெறும் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே இறங்குவதுதான் ஆபத்து, பிரேக் பேட் சூடேறும்.

பின் சீட்

வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், ராவ்4இல் 2690 மி.மீ., சி.ஆர்-வியில் 2700. வெறும் 10 மி.மீ. வித்தியாசம். ஆனால் தயாரிப்பாளர்கள் தரும் பின் சீட் கால் இடம் ராவ்4இல் சுமார் 960 மி.மீ., சி.ஆர்-வியில் சுமார் 1040. எட்டு சென்டிமீட்டர். ஆறடி ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்து முழங்காலை முன்சீட்டில் இடிக்காமல் இருப்பதற்கும், சற்றே விலகி உட்கார வேண்டியிருப்பதற்கும் உள்ள தூரம் அது. நான்கு மணி நேரப் பயணத்தில் இது முதுகுவலியாகத் தெரியும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது இன்னும் முக்கியம். பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டைப் பொருத்தினால் அதற்கு முன்னால் உள்ள சீட்டை நகர்த்தியே ஆக வேண்டும். ராவ்4இல் முன்சீட்டில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டுக்கு அருகே வந்துவிடும்; உயரமானவர் என்றால் அந்த சீட்டையே மறக்க வேண்டியதுதான். சி.ஆர்-வியின் பின்கதவுகள் ஏறத்தாழ 90 டிகிரிக்குத் திறப்பதால் குழந்தையைத் தூக்கி வைப்பதும், மூட்டுவலி உள்ள பெரியவர்கள் ஏறி இறங்குவதும் எளிது. அடுத்த வண்டி ஒட்டி நிற்கும் பார்க்கிங்கில் மட்டும் இந்தக் கதவு உதவாது.

டயர் பற்றி ஒரு வார்த்தை. இரண்டிலும் உயர்ந்த வேரியன்ட்டுகளில் 19 அங்குல 235/55 ஆர்19 டயர் வருகிறது. பார்க்க அழகு. அதன் பக்கச்சுவர் 129 மி.மீ. உயரம்தான், ராவ்4இன் 225/65 ஆர்17 டயரில் 146 மி.மீ. பள்ளங்கள் உள்ள சாலையில் பின்சீட்டு சொகுசை உண்மையில் தீர்மானிப்பது இதுதான், டயர் மாற்றும் செலவும் சேர்த்து. 17 அல்லது 18 அங்குலத்தோடு நில்லுங்கள்.

டிக்கி இடத்தில் அலச ஒன்றும் இல்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் அதன் தரைக்கு அடியில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ராவ்4 ஹைபிரிடில் பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே இருப்பதால் டிக்கியில் சிறிய ஸ்டெப்னிக்கு இடம் உண்டு. சி.ஆர்-வி ஹைபிரிட் பல நாடுகளில் ஸ்டெப்னி இல்லாமல், டயருக்குள் பசை ஊற்றும் பழுதுநீக்கக் கிட்டோடு மட்டும் வருகிறது. ஆணி குத்தினால் அந்தப் பசை போதும். பக்கச்சுவர் கிழிந்தால் அது எதற்கும் உதவாது, இழுவை வண்டிதான் வர வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் இரவுப் பயணம் அடிக்கடி உண்டு என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே ராவ்4 பக்கம் சாயலாம். தனியாக ஸ்டெப்னி வாங்கி டிக்கியில் போட்டால் ஒரு பெட்டியின் இடம் போச்சு, அதைக் கட்டி வைக்கவும் வேண்டும்.

எது கெடும், எங்கே பார்க்க வேண்டும்

ராவ்4இல் பின்சீட்டுக்குக் கீழே ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. பிஸ்கட் தூள், தூசி, நாய் முடி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அடைத்துக்கொண்டால் முதலில் விசிறி சத்தம் கூடும், பிறகு எச்சரிக்கை வரும், பேட்டரியின் ஆயுளும் குறையும். மூடியை மெதுவாக இழுத்தால் கிளிப் விட்டு வரும். உள்ளே உள்ள ஃபில்டரைத் தூசி போகச் சுத்தம் செய்து மாட்டுங்கள். அந்தத் துவாரத்தைப் பையோ போர்வையோ மூடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

நான்கு சக்கர ராவ்4 ஹைபிரிடில் பின்சக்கரங்களுக்குத் தனி மோட்டார் உண்டு. அதற்குப் போகும் உயர் மின்னழுத்த கேபிளின் இணைப்பு வண்டியின் அடியில் வெளிப்பட்டு இருக்கிறது. பனி உருக உப்பு தூவும் சாலைகளில் ஓடிய ஆரம்ப ஆண்டு வண்டிகளில் அந்த இணைப்பு அரித்து, ஹைபிரிட் எச்சரிக்கை வந்து வண்டி நின்றுபோனது உண்டு. டொயோட்டா சில நாடுகளில் இதற்கு வாரன்ட்டியை நீட்டித்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் லிஃப்டில் ஏற்றி, அந்த இணைப்பில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2019, 2020 மாடல்களில் பெட்ரோல் டேங்க் முழுதாக நிரம்பாத பிரச்சினையும் இருந்தது; டேங்க்கை மாற்றித்தான் அதைச் சரிசெய்தார்கள். டேங்க் 55 லிட்டர். குறைந்த எரிபொருள் விளக்கு எரிந்த பிறகும் 40 லிட்டருக்கு முன்பே பம்ப் திரும்பத் திரும்ப நின்றால், டேங்க் மாற்றப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ராவ்4 ஹைபிரிடின் 12 வோல்ட் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, டிக்கிக் கதவோ மின்சாரத்தில் திறக்கும். வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு வந்து அது இறங்கியிருந்தால் பேட்டரியை நெருங்கவே முடியாதே என்று திகைக்க வேண்டாம். சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி, ஃப்யூஸ் பெட்டிக்குள் இருக்கும் ஜம்ப் முனையில் கேபிளைக் கொடுக்கலாம்.

சி.ஆர்-விக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டீயரிங். 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2023 முதல் 2025 வரையான சி.ஆர்-வியும் அதில் உண்டு. ஸ்டீயரிங் பெட்டியில் உள்ள ஒரு பல்சக்கரத்தில் உராய்வு கூடி, நெடுஞ்சாலை வேகத்தில் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொண்டது போல நிற்கும், சற்று அழுத்தினால் படக்கென்று விடும். சரிசெய்வது ஸ்பிரிங்கை மாற்றி கிரீஸை மறுபடி பூசும் வேலைதான். சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று. மோட்டாரே பெரும்பாலும் பிரேக் பிடிப்பதால் பேட் தேயாது, ஆனால் டிஸ்கில் துரு பிடிக்கும், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிபரின் பின்கள் இறுகிக்கொள்ளும். பேட் புதிதாக இருக்கிறது என்று சொல்லி சர்வீஸில் விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லிக் கேளுங்கள்.

யாருக்கு எது

நான்கு பெரியவர்கள், அல்லது குழந்தை சீட்டும் உயரமான பெற்றோரும் உள்ள வீடு, ஓட்டம் நல்ல சாலைகளில்: சி.ஆர்-வி. நகரத்தில் மட்டும் ஓடினால் முன்சக்கர வகையே போதும். மலை, மண்பாதை, சிறிய டிரெய்லர் இழுப்பது, பின்சீட்டில் பள்ளிப் பிள்ளைகள்: ராவ்4. இழுக்கும் திறன் நாட்டுக்கு நாடு மாறினாலும் இந்த இரண்டில் ராவ்4தான் அதிகம் இழுக்கும். வீட்டில் சார்ஜ் போடும் வசதி இருந்து தினசரி ஓட்டம் 50 கிலோமீட்டருக்குள் என்றால், 18.1 கிலோவாட் மணி பேட்டரி உள்ள பிளக்-இன் ராவ்4 முற்றிலும் வேறு கணக்கு. வேலைநாட்களில் பெட்ரோலே தேவைப்படாது. 2025 மே மாதம் அறிமுகமான ஆறாம் தலைமுறை ராவ்4இல் பெட்ரோல் மட்டும் ஓடும் வகையே இல்லை, ஹைபிரிடும் பிளக்-இன்னும்தான். ஆனால் வீல்பேஸ் அதே 2690 மி.மீ. என்பதால் பின்சீட்டு இடத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். குழந்தை சீட், ஸ்டிரோலர், வழக்கமாக எடுத்துப்போகும் பெரிய பெட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய், ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்த பிறகு பின்னால் பொருத்திப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம், ஒரு ஏற்றம், ஒரு கரடுமுரடான தெரு. பாதி நேரம் நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள், வேறொருவர் ஓட்டட்டும். விற்பனையாளர் ரேடியோவைப் போட்டால் அணைக்கச் சொல்லுங்கள்.