ஹீத்ரோவிலிருந்து சுங்கை சிப்புட் எத்தனை கட்டை?

சின்னம்மாவுக்குக் கிலோமீட்டர் கணக்கு பிடிபடாது. "லண்டன் எத்தனை கட்டைடா வரும்?" என்றுதான் கேட்பார். எங்கள் பேச்சில் கட்டை என்றால் மைல். லண்டனிலிருந்து ஊருக்குக் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். லண்டன் ஹீத்ரோவுக்கும் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்கும் இடையே சுமார் 10,600 கிலோமீட்டர். அதாவது கிட்டத்தட்ட 6,600 கட்டை.

அது பூமி உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். விமானம் அந்த நூல் மேலேயே பறப்பதில்லை. 2022இலிருந்து உக்ரைன் வான்வெளி மூடியிருப்பதால் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். நேரடி விமானத்தில் வர சுமார் 13 மணி நேரம், திரும்பிப் போக 14 மணி நேரம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்த்து நிற்கும்.

ஆனால் எங்கள் வீடு கே.எல்.ஐ.ஏ.வில் இல்லை. வடக்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே இருக்கிறது. என்னைப் போலத் தோட்டத்து ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இரவு 10 மணிக்கு லண்டனில் ஏறினேன். கோடையில் 7 மணி நேரம் வித்தியாசம். மறுநாள் மாலை 6 மணிக்கு இறங்கியாச்சு. குடிநுழைவில் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) வைத்ததும் தானியங்கிக் கதவு திறந்தது. அதுவரை எல்லாம் அருமை. அப்புறம் இடிமழை பிடித்துக்கொண்டது. மின்னல் அடிக்கும்போது பெட்டி இறக்கும் ஆட்களை விமானத்தருகே விடமாட்டார்கள். அவர்கள் உயிர் முக்கியம், குறை சொல்ல மாட்டேன். பெட்டி கைக்கு வந்தபோது மணி எட்டு தாண்டிவிட்டது. கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம்தான். இருந்தும் அங்கிருந்து ஊருக்குப் போக நான் பதிந்திருந்த இ.டி.எஸ். என்ற மின்சார ரயிலைப் பிடிக்க முடியவில்லை. டிக்கெட் காசு போனது.

உதவிக்கு வந்தது இன்னொரு வழி. விமான நிலையத்திலிருந்து டிரான்சிட் ரயில் ஏறி பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கினால், மேம்பாலம் கடந்ததும் டி.பி.எஸ். பேருந்து நிலையம். 10 மணிக்கு, எங்கள் ஊருக்குப் பக்கத்து நகரமான ஈப்போவுக்குப் பஸ் கிடைத்தது. இந்த வசதியை மனதாரப் பாராட்டுகிறேன். இரவு ஒரு மணிக்கு மேல் ஈப்போவின் அமான் ஜெயா பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தம்பி கார் கொண்டுவந்திருந்தான்.

லண்டன் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 25 மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது பாதிதான்.

வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னம்மா சில்வர் டம்ளரில் மைலோ கலந்து தட்டால் மூடி வைத்திருந்தார். ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. "இரு, சுட வைக்கிறேன்" என்று எழுந்தவருக்குக் கால் மரத்துப்போய் உடனே நடக்க முடியவில்லை. அத்தனை நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த முறை காலையில் இறங்கும் விமானம்தான் எடுப்பேன், காசு கூட ஆனாலும் சரி.