ஏசியில் கேஸ் இல்லை என்று சொல்லி 4,500 ரூபாய் கறந்த வித்தை

கோடையில் ஏசி மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த அவசரம்தான் இவர்களுக்கு முதலீடு. திருச்சியில் என் அப்பாவிடம் கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்து, இருக்கிற கேஸையே இல்லை என்று காட்டி 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எப்படிச் செய்தார்கள் என்பது இப்போது திருகு திருகாகப் புரிந்துவிட்டது. ஆள் மாறலாம், ஊர் மாறலாம், வித்தை இதுதான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. இன்வெர்ட்டர் இல்லாத வகை, ஆர்-32 கேஸ். அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே குளிர் குறைந்துவிட்டது. அம்மா போனில் கம்பெனிப் பெயரையும் கஸ்டமர் கேர் என்றும் போட்டுத் தேடி, மேலே வந்த எண்ணை அழைத்திருக்கிறார். பெயர், முகவரி எல்லாம் வாங்கிக்கொண்டு அன்று மதியமே ஆள் அனுப்பிவிட்டார்கள். மே மாதத்தில் நிஜக் கம்பெனி இத்தனை சுறுசுறுப்பாக யாருக்கும் ஆள் அனுப்பி நான் பார்த்ததில்லை.

வந்தவர் ரொம்பப் பணிவு. வாய்க்கு வாய் ஐயா, அம்மா. கம்பெனி பெயர் போட்ட டீ ஷர்ட். அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில் இருக்கிறது. அப்பாவும் கூடவே ஏறிப் போயிருக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், ஒருவன் மிஷினைப் பிரிக்கும்போது கீழே உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. வந்தவர் மூடிகளைக் கழற்றினார், பிரஷர் காட்டும் கேஜ் மாட்டினார், கொஞ்ச நேரம் ஏதேதோ செய்தார், பிறகு கூப்பிட்டுக் காட்டினார்.

"ஐயா, நீங்களே பாருங்க. மிஷின் ஓடிட்டிருக்கு, முள்ளு ஜீரோல நிக்குது. கேஸ் சுத்தமா இல்ல."

"லீக் எங்கப்பா?"

"மைக்ரோ லீக்குங்கய்யா. கண்ணுக்குத் தெரியாது. இந்த மாடல் எல்லாத்துக்கும் வர்றதுதான். டாப் அப் பண்ணி விட்டுர்றேன், ரெண்டு வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்."

சிலிண்டரை இணைத்தார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. முள் மளமளவென்று 130 வரை ஏறியது. அப்பாவின் கண்முன்னால்தான் எல்லாம் நடந்தது. போகிற போக்கில் ஹோஸ் பைப்பை வைத்து அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் அப்பியிருந்த தூசியையும் கழுவிவிட்டு, "இது ஃப்ரீங்கய்யா" என்றாராம். கீழே வந்து பார்த்தால் அறை ஜில்லென்று இருக்கிறது. யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கேஸுக்கு 3,800, சர்வீஸுக்கு 700. யுபிஐயில் ஒரு தனி ஆள் பெயருக்குப் பணம் போனது. ரப்பர் ஸ்டாம்ப் குத்திய பில் ஒன்று கைக்கு வந்தது.

சில வாரங்கள் கழித்து அறவே குளிர் நின்றுபோனது. அதே எண்ணுக்கு அப்பா போன் செய்ய, வந்து பார்க்காமலேயே பதில்: கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற 14,000, கேஸும் புதுசாகப் போட வேண்டும். அப்போதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அவுட்டோர் ஃபேன் ஓடுகிறது. கம்ப்ரஸர் மட்டும் கிளம்ப முயன்று ம்ம்ம் என்று முனகிவிட்டு டக்கென்று அடங்குகிறது. இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் இப்படி நடந்தால் முதல் சந்தேகம் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் மேல்தான் விழ வேண்டும். உறையூரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தேன். அவுட்டோர் மூடியைக் கழற்றியதும் கெப்பாசிட்டரின் உச்சந்தலை புடைத்திருந்தது தெரிந்தது. 45 மைக்ரோஃபேரட் இருக்க வேண்டியது, மீட்டரில் பாதிகூடக் காட்டவில்லை. புதுசு 350 ரூபாய், அவர் கூலி 400. கம்ப்ரஸர் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.

அடுத்து அவர் கேஜ் மாட்டினார். ஆர்-32 ஏசி ஓடும்போது நம் ஊர் வெயிலுக்கு எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டியது. கேஸில் குறையே இல்லை.

இங்கேதான் கணக்கு இடித்தது. ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்கிற பொருள் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டை இருந்தால் ஒழிய ஒரு கிராம்கூடக் குறையாது. முள் பூஜ்யத்துக்கு வரும் அளவுக்கு எங்கள் ஏசியில் ஓட்டை இருந்தது என்றால், அந்த ஆள் அதை அடைக்கவில்லை, தேடக்கூட இல்லை. அடைக்காத ஓட்டை வழியாக, அவர் போட்டதாகச் சொன்ன கேஸும் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியானால் முதலிலேயே கேஸ் குறையவில்லை. பிறகு முள் எப்படிப் பூஜ்யத்துக்கு வந்தது?

"ஐயா, அவன் எல் கீ எடுத்து ஏதாச்சும் திருகினானா?" என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். அப்பாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. "ஆமா. மெலிசு குழாய்ப் பக்கம். முதல்ல வலப்பக்கம் திருகினான், சிலிண்டர் மாட்டின பிறகு இடப்பக்கம்." அண்ணன் சிரித்துவிட்டு, அதையே எங்கள் முன்னால் செய்து காட்டினார்.

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில், செப்புக் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று மெல்லிய குழாயில், ஒன்று தடித்த குழாயில். ஏசியைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டும்போது கேஸ் வீணாகாமல் அவுட்டோருக்குள்ளேயே பூட்டி வைக்க இந்த வால்வுகள் உதவும். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்லிய குழாய் வால்வை மூடினால், கம்ப்ரஸர் குழாயிலும் இன்டோரிலும் இருக்கும் கேஸை எல்லாம் இழுத்து அவுட்டோருக்குள் தள்ளிவிடும். பம்ப் டவுன் என்பார்கள். மெக்கானிக்குகள் தினமும் செய்கிற வேலைதான். தடித்த குழாயில் மாட்டியிருக்கும் கேஜில் முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும். கேஸ் எங்கேயும் போயிருக்காது, உள்ளேயே பத்திரமாக இருக்கும். பார்க்கிறவருக்கு அது தெரியுமா? பிறகு சிலிண்டரை இணைப்பதுபோல் இணைத்து, ஹோஸில் கொஞ்சம் காற்று உஸ்ஸென்று போக விட்டு, வால்வைத் திறந்தால் முள் தானாக ஏறும். நம் கேஸை நமக்கே விற்றுவிட்டு இறங்கிப் போகலாம்.

அன்று அறை குளிர்ந்ததற்குக் காரணம் அந்த "ஃப்ரீ" கழுவல். தூசி அடைத்திருந்ததால்தான் குளிர் குறைந்திருந்தது. நிஜமான வைத்தியத்தை இனாமாகச் செய்துவிட்டு, செய்யாத வேலைக்கு 3,800 வாங்கியிருக்கிறார்!

உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து கேஸ் பார்க்கிறேன் என்றால் இதைக் கவனியுங்கள். பிரஷர் பார்க்க, தடித்த குழாய் வால்வில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன முனையின் மூடியை மட்டும் கழற்றினால் போதும். மெல்லிய குழாய் வால்வின் பித்தளை மூடியைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது. அதில் ஸ்பேனர் வைக்கும்போதே "அது எதுக்குங்க?" என்று கேட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, ஏசியை ஆன் செய்வதற்கு முன்பே, எதையும் திருகுவதற்கு முன்பே கேஜை மாட்டிக் காட்டச் சொல்வது. ஆர்-32 ஏசி கொஞ்ச நேரம் நின்றிருந்தால், நம் கோடையில் முள் 250 பிஎஸ்ஐக்கு மேலே நிற்க வேண்டும். கேஸ் முழுசாக இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஆனால் நிற்கும்போது 250க்கு மேல் காட்டிய மிஷின், ஓட ஆரம்பித்ததும் பூஜ்யத்துக்கு வந்தால் சுத்தமாகக் கேஸ் இல்லை என்ற பேச்சு எடுபடாது. ஒன்று உள்ளே எங்கோ அடைப்பு, இல்லை வால்வை மூடிவிட்டார்கள். பழைய ஆர்-22 மிஷினுக்கு எண்கள் இதைவிடக் குறைவு.

நிஜமாகவே கேஸ் போயிருந்தால் அதற்கும் தடயம் உண்டு. குழாய் சேரும் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், ஏனென்றால் கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கசியும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். குறைவாக இருக்கும்போது மெல்லிய குழாயில் வெள்ளையாக ஐஸ் படியும். ஒழுங்கான மெக்கானிக் நைட்ரஜன் ஏற்றி லீக்கைக் கண்டுபிடித்து அடைப்பார், வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவார், பிறகு தராசில் வைத்த சிலிண்டரிலிருந்து அளந்து ஏற்றுவார். எத்தனை கிராம் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். வேக்குவம் பம்பும் இல்லை, தராசும் இல்லை, தோளில் ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் அவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம். வீட்டு ஃப்ரிட்ஜும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. அதற்கு வருஷா வருஷம் யாராவது கேஸ் போடுகிறோமா?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே பார்க்கக்கூடியவையும் கொஞ்சம் இருக்கின்றன. ரிமோட் ஃபேன் மோடில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்கே விசிட் சார்ஜ் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இன்டோர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வலைக்கு மறுபக்கம் தெரியவில்லையென்றால் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அவுட்டோரின் பின்பக்கத் தகடுகளில் தூசி அப்பியிருந்தால், ஏசிக்கான எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவலாம். வேகமாக அடித்தால் அலுமினியத் தகடுகள் வளைந்துவிடும். பிறகு ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். காற்று உள்ளே போகும் இடத்துக்கும் வெளியே வரும் இடத்துக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மிஷின் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேலும் அறை குளிரவில்லையென்றால் மேலே கொதிக்கும் மொட்டை மாடியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கெப்பாசிட்டரை மட்டும் பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் அவுட்டோர் போர்டிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், திறக்கவே திறக்காதீர்கள். கேஸ் வேலையும் அப்படித்தான். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். வீடியோ பார்த்துச் செய்கிற காரியம் இல்லை.

கஸ்டமர் கேர் எண்ணை வாரண்டி கார்டிலிருந்தோ, மிஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்தோ, கம்பெனியின் சொந்த ஆப்பிலிருந்தோ எடுங்கள். தேடலில் மேலே வருவதெல்லாம் கம்பெனி எண் ஆகிவிடாது. நிஜமாகவே பதிவாகியிருந்தால் புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். வந்தவரிடம் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். போனில் ஒரு ஆப்பை இறக்கச் சொன்னாலோ, பதிவுக்கு 5 ரூபாய் அனுப்பச் சொன்னாலோ உடனே வைத்துவிடுங்கள். அது ஏசி ஏமாற்றுகூட இல்லை, பேங்க் கணக்கையே துடைக்கிற கூட்டம். அப்படிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். மோசமான சர்வீஸுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்த விஷயத்துக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

அப்பா தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருக்கிறார். இரண்டு வால்வு மூடிகளிலும், மூடியையும் உடம்பையும் சேர்த்து சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. ஒர்க்‌ஷாப் பழக்கம். யாராவது மூடியைத் தொட்டால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நானும் என் வீட்டில் போட்டுவிட்டேன். நெயில் பாலிஷ் போதும்.

பில்லோடு நிஜக் கம்பெனியைத் தொடர்புகொண்டோம். அந்த எண்ணும் ஆளும் தங்களுடையவை இல்லை என்று எழுத்தில் பதில் தந்துவிட்டார்கள். 1915இல் புகார் பதிவாகியிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. விசாரித்ததில் எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் வாஷிங் மிஷினுக்கு அதே எண்ணிலிருந்து ஆள் வந்து, போர்டு போய்விட்டது என்று பணம் வாங்கியிருக்கிறார். அவர்கள் பில்லும் எங்கள் பில்லும் ஒரே அச்சு. ரப்பர் ஸ்டாம்பில் கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. இரண்டையும் சேர்த்துப் புகாரில் இணைத்திருக்கிறோம்.