ஜெர்மனியின் கோயில் வரி: கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நர்ஸின் விமர்சனம்

கொலோனுக்கு நர்ஸ் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் முதல் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "அக்கா, கிர்ஷன்ஷ்டொயர் என்று பிடித்திருக்கிறார்களே, அது என்ன?" கோயில் வரி, அதாவது சர்ச்சுக்குப் போகும் வரி, கண்ணு. நகராட்சியில் முகவரி பதியும்போது மதம் கேட்டார்களே, கத்தோலிக்கம் என்று எழுதினாயே, அதற்குத்தான்.

வசூல் சேவைக்கு முழு மதிப்பெண். குமரிக் கடற்கரையில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஊர்க் கோயில் சபையில், வரி நோட்டோடு வீடு வீடாக வருவார்கள். பாக்கி இருந்தால் கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன் கட்டச் சொல்வார்கள். இங்கே நோட்டும் இல்லை, சண்டையும் இல்லை. அரசின் வரி அலுவலகமே சம்பளத்தில் பிடித்துக் கோயிலுக்கு அனுப்பிவிடும், அதற்கு ஒரு சிறு கட்டணமும் எடுத்துக்கொள்ளும். வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பர்க்கிலும் 8. மாதம் 400 யூரோ வருமான வரி போனால் கோயிலுக்கு 36.

இத்தனைக்கும் இங்கே அரசுத் திருச்சபை கிடையாது. 1919-இன் வைமார் அரசியல் சட்டம் 137-ஆம் பிரிவில் அப்படித்தான் தொடங்குகிறது. அதே பிரிவு, கொஞ்சம் கீழே, சபைகள் வரி வசூலிக்கலாம் என்றும் சொல்கிறது. 1949-இல் அதை அப்படியே புதிய அரசியல் சட்டத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். விவாகரத்து வாங்கியும் ஒரே வங்கிக் கணக்கு வைத்திருப்பது மாதிரி.

கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது? ஞாயிறு பூசை, சம்பளத்துக்கு ஆர்கன் வாசிப்பவர், கேரளத்துச் சாமியார். ஆகஸ்டில் கெவலார் மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான தமிழர் கூடும் திருவிழா, அதுவும் இந்தச் சபை ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். ஈழத்து இந்துக் குடும்பங்கள்கூட மெழுகுவர்த்தியோடு வரும். அது ஒன்றுக்கே நான் முணுமுணுக்காமல் கட்டுவேன். ஆனால் கத்தோலிக்க மருத்துவமனை இந்த வரியில்தான் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பணம் மருத்துவக் காப்பீட்டிலிருந்தும் அரசிடமிருந்தும் வருகிறது. சுவரில் சிலுவை இருப்பதால் வேலை ஒப்பந்தத்தின் விதி மட்டும் கோயிலுடையது. 2022-இல் ஆயர்கள் அந்த விதியைத் தளர்த்தினார்கள். மறுமணம் செய்தவரை இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. சபையை விட்டு விலகினால்தான் இன்னும் வேலைக்கு ஆபத்து.

விலகும் வழிதான் இந்தச் சேவையின் மோசமான பகுதி. எங்கள் மாநிலத்தில் நீதிமன்றத்துக்குப் போய், அடையாள அட்டை காட்டி, 30 யூரோ கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பங்குத்தந்தை முகத்தைப் பார்க்கவே வேண்டாம். அப்புறம், 2012-இல் ஆயர்கள் போட்ட ஆணைப்படி நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) இல்லை, பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) இல்லை, ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கவும் முடியாது. வரி வேண்டாம், விசுவாசம் மட்டும் போதும் என்று ஒரு ஓய்வுபெற்ற திருச்சபைச் சட்டப் பேராசிரியர் வழக்காடிப் பார்த்தார். அதே ஆண்டு லைப்சிக் நீதிமன்றத்தில் தோற்றார். ஓலை வாசிக்காத எங்கள் ஊர் மூப்பரிடம் கெஞ்சியாவது பார்க்கலாம். இங்கே குமாஸ்தாவிடம் என்ன கெஞ்சுவது? 2022-இல் மட்டும் 5 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் விலகினார்கள். அத்தனை பேருக்கும் விசுவாசம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை.

வசூலுக்கு 5, பயனுக்கு மூன்றரை, விலகும் வழிக்கு 1.

புதிதாக வருபவர்களுக்கு: கட்டிய கோயில் வரியை வருடாந்திர வருமான வரிப் படிவத்தில் சிறப்புச் செலவாகக் காட்டுங்கள், ஒரு பங்கு திரும்ப வரும். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே பிள்ளைகள் படிவத்தில் சும்மா 'எவாங்கெலிஷ்' என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் ஜெர்மன் புரொட்டஸ்டன்ட் சபை உறுப்பினர் என்று எடுத்துக்கொண்டு வரியைப் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.