சீல் மாற்ற முடிகிற ஜாக்கி

காரோடு டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கி, வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் பிரேக் பேடு மாற்றவோ, நான்கு டயர்களையும் இடம் மாற்றிப் போடவோ இறங்கியவர்கள், இரண்டாவது சக்கரத்துக்கு வருவதற்குள் சக்கரங்களில் உருண்டு காருக்கு அடியில் போகும் ஹைட்ராலிக் டிராலி ஜாக்கியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கடந்த எட்டு ஆண்டுகளில் மூன்று வகை டிராலி ஜாக்கிகளை நான் கையாண்டிருக்கிறேன்: முதலில் வாங்கிய, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கும் சிறிய 2 டன் ஜாக்கி, பிறகு நண்பர் ஒருவர் நான்கு மாதங்களுக்கு இரவல் கொடுத்த அலுமினிய ஜாக்கி, இப்போது என்னிடம் இருக்கிற, தாழ்வான காருக்கு அடியிலும் நுழையும் 3 டன் எஃகு ஜாக்கி. என் சாய்வு எஃகு ஜாக்கியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது கசியத் தொடங்கிய நாளில் அதைப் பிரித்து, எண்ணெயைக் கசியவிடாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மாற்றி, மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பாட்டில் போல நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. முழுதாக இறக்கிய நிலையிலேயே பெரும்பாலும் 18 முதல் 20 செ.மீ. உயரம் இருப்பதால் சிறிய கார்களுக்கு அடியில் அது நுழையாது. நுழைந்தாலும் அடித்தட்டு குறுகியது. லாரிக்கும் உயரமான வண்டிகளுக்கும் அது பொருத்தம்.

டன் கணக்கிலும் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. 1,200 கிலோ எடையுள்ள காரை நாம் முழுதாகத் தூக்குவதில்லை. எஞ்சின் இருக்கும் முன்பக்கத்தை மொத்தமாகத் தூக்கினாலும் ஜாக்கியின் மேல் ஏறும் சுமை 700 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். எனவே எடையைப் பொறுத்தவரை 2 டன் தாராளம். 3 டன் என்று எழுதியிருக்கும் ஜாக்கியில் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பவை அதன் நீளமும், உயரமும், அகலமான சக்கரங்களும்தான்.

இவற்றில் உயரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய ஜாக்கியை வாங்கும்போது நான் ஏமாந்த இடம் அது. அதன் கிண்ணம், அதாவது காரைத் தாங்கும் தலைப்பகுதி, ஏறத்தாழ 13 செ.மீ. உயரத்தில் தொடங்கி 34 செ.மீ. வரை ஏறும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் காரில் ஜாக்கி வைக்க வேண்டிய விளிம்பே தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஆக, உண்மையில் கிடைக்கும் ஏற்றம் 14 செ.மீ. மட்டுமே. அதிலும் பெரும்பகுதியை சஸ்பென்ஷன் தின்றுவிடுகிறது. காரின் உடல் மேலே போகப் போக ஸ்பிரிங் விரிந்துகொண்டே வரும், சக்கரமோ தரையை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். சக்கரம் ஒருவழியாகத் தரையை விட்டு எழும் நேரத்தில் ஜாக்கி தன் எல்லையைத் தொட்டிருக்கும். தூக்கிய காரைத் தாங்க அடியில் வைக்கும் வழக்கமான ஸ்டாண்டுகளின் மிகக் குறைந்த உயரமே 28 செ.மீ. அளவில் இருப்பதால், அதை உள்ளே நுழைக்க விரலளவு இடம்கூடத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இடைவெளியை நிரப்ப மரக்கட்டையைக் கிண்ணத்தின் மேல் வைத்துத் தூக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டை வழுக்கினால் கார் கீழே வரும் என்பதால் அதை நான் செய்வதில்லை. எஃகு ஜாக்கியின் கிண்ணம் 8 செ.மீ.யில் தொடங்கி 50 செ.மீ. வரை ஏறுகிறது; நீளமான உடலாதலால் பம்பருக்குக் கீழே புகுந்து, கார்க் கையேட்டில் காட்டப்பட்டிருக்கும் குறுக்குச் சட்டம் வரை எட்டுகிறது. முன்பக்கத்தை ஒரே தடவையில் தூக்கி, இரு பக்கமும் நிதானமாக ஸ்டாண்டு வைக்க முடிகிறது.

ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் போகக் கூடாது என்பதை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பலர் மறந்துவிடும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய கணமே அது பயனற்றுப் போகிறது. அப்போது முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

இனி கசிவுக்கு வருகிறேன். சிறிய ஜாக்கியை வாங்கி இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டு வைக்கும் முன்பு வந்த தொலைபேசி அழைப்புக்காக உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் பத்து நிமிடங்கள் ஆகியிருக்கும். பிரேக் டிஸ்க்கின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிதான் மிச்சம் இருந்தது. ஜாக்கியின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் பளபளத்தது. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து விளிம்புக்கு அடியில் தள்ளிவிடும் பழக்கம் எனக்கு இருந்ததால், கார் இன்னும் இறங்கியிருந்தாலும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். தவறு என்னுடையது, ஸ்டாண்டை முதலில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதன் பிறகு அந்த ஜாக்கியைப் பழுதுபார்க்க முயன்றபோதுதான் அதன் உண்மையான குறை தெரிந்தது. எண்ணெய்த் தொட்டியை மூடியிருக்கும் பெரிய நட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பக்கமே இல்லை. மாடல் எண் பொறித்த தகடும் இல்லை. அதற்கென்று சீல் கிட், அதாவது மாற்று சீல்களின் தொகுப்பு, எதுவும் விற்பனைக்கு வரவேயில்லை. எனக்குப் பழக்கமான மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் திறக்கிறதுன்னா உடைச்சுத்தான் திறக்கணும் சார்" என்றார். வாய் பிளந்த செருப்பைப் போல அது பழைய இரும்புக்குப் போனது.

ஹைட்ராலிக் ஜாக்கி என்பது அடிப்படையில் இரண்டு பிஸ்டன்களும் கொஞ்சம் எண்ணெயும்தான். கைப்பிடியால் அழுத்தும் சிறிய பிஸ்டன் எண்ணெயைத் தள்ள, அதே அழுத்தம் பெரிய பிஸ்டனின் பரப்பு முழுவதிலும் செயல்பட்டு, அந்தப் பரப்பு எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு விசையாகிறது. இந்தத் தத்துவத்தை வைத்து ஜோசப் பிரமா 1795ஆம் ஆண்டு ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஜாக்கிக்கு ரிச்சர்ட் டட்ஜன் 1851இல் பெற்றார். பிரமாவின் பொறியிலும் பெரிய தலைவலி கசிவுதான் என்றும், அவரது பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லே கிண்ண வடிவத் தோல் வளையம் ஒன்றைப் போட்டு அதைத் தீர்த்தார் என்றும் சொல்வார்கள். எண்ணெயின் அழுத்தம் கூடக் கூட வளையத்தின் உதடு சுவரோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும் என்பதே அதில் இருந்த நுட்பம். இன்று தோலுக்குப் பதில் ரப்பர் வந்திருக்கிறது, உதடு மட்டும் அதே உதடுதான். கைப்பிடி, சக்கரம், சட்டம் எல்லாம் பல்லாண்டு உழைக்கும். விரல் மோதிரம் அளவேயுள்ள அந்த ரப்பர் வளையம் ஒரு நாள் தேயும். அந்த நாளில் உங்கள் ஜாக்கியைத் திறக்க முடியுமா என்பதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அலுமினிய ஜாக்கி இந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்கிறது. அதன் சட்டம்தான் அலுமினியம்; உள்ளே இருக்கும் பிஸ்டனும் சிலிண்டரும் எஃகுதான், சீல்களும் மற்றவற்றைப் போன்றவையே. ஆகவே நல்ல தயாரிப்பாக இருந்து, சீல் கிட்டும் கிடைக்குமானால் பராமரிப்பில் எஃகு ஜாக்கிக்கு அது குறைந்ததில்லை. நண்பரின் ஜாக்கி 1.5 டன் வகை, எடை சுமார் 15 கிலோ. என் எஃகு ஜாக்கியோ 35 கிலோ. மாடிப்படி ஏற்றி வைக்க வேண்டியவர்களுக்கும், காரிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் இந்த 20 கிலோ வித்தியாசம் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும், அவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. என் அனுபவம் நான்கு மாதத்தோடு நின்றுவிட்டதால், பல ஆண்டுகள் சுமை ஏறி இறங்கிய பிறகு அலுமினியச் சட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளியபோது என் எஃகு ஜாக்கியைவிட அது சற்றுக் கூடுதலாக அசைந்தது என்பதை மட்டும் கண்டேன். விலையும் அதிகம், அந்தக் கூடுதல் பணம் எடைக்குறைப்புக்குப் போகிறதே தவிர சீலுக்குப் போகவில்லை.

எஃகு ஜாக்கி கசியாமல் இருக்கவில்லை. நான்காம் ஆண்டில் அதுவும் கசிந்தது, அதற்கும் நானே காரணம். கிண்ணத்தை உயர்த்திய நிலையிலேயே மழைக்காலம் முழுவதும் ஒரு மூலையில் விட்டிருந்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிஸ்டன் தண்டில் துருப் புள்ளிகள் விழுந்து, அவை ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலின் உதட்டைச் சுரண்டியிருக்கின்றன. இந்த முறை தகட்டில் மாடல் எண் இருந்தது, அந்த எண்ணுக்கு கிட் கிடைத்தது. முதலில், ஜாக்கியின் தூக்கும் கையை இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்ற வேண்டும். விறைப்பாக இருப்பவை, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பிறகு எண்ணெயை வடித்து, தொட்டி நட்டை நீண்ட பைப் ரெஞ்சால் தளர்த்தியதும் தண்டு கையோடு வந்தது. பழைய சீல் மாட்டுக் குளம்பைப் போல இறுகியிருந்தது. உதட்டில் நகம் பதிந்தது போன்ற ஒரு சிறு வெட்டு, அவ்வளவுதான். வால்வுகளில் இருக்கும் எஃகுக் குண்டுகளை, எது எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்தேன், ஏனென்றால் அவை பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் அளவில் வேறுபடக்கூடியவை, இடம் மாறினால் ஜாக்கி ஏறாது. அதிகச் சுமையில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வின் திருகை மட்டும் தொடவில்லை. அது தொழிற்சாலையில் அளந்து வைத்த ஒன்று, வீட்டில் அளக்க வழியில்லை. துருவை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, புதிய சீல்களுக்கு எண்ணெய் தடவி மாட்டி முடிக்க ஒரு மதியம் பிடித்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளாக அது சொட்டவில்லை.

எண்ணெய் விஷயத்தில் மூன்று தவறுகள் பரவலாக நடக்கின்றன. பிரேக் ஆயிலை ஊற்றுவது அவற்றில் மிக மோசமானது: கார்களில் வழக்கமாகப் பயன்படுவது கிளைக்கால் வகை, ஜாக்கியின் நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி வீங்கிக் கெட்டுவிடும். எஞ்சின் ஆயில் அந்த அளவு கேடு செய்யாவிட்டாலும் கெட்டியானது, அழுக்கைக் கரைக்கும் சேர்மானங்கள் கொண்டது. பல கையேடுகள் கேட்பது 22 அல்லது 32 தர மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெயைத்தான். மூன்றாவது தவறு, கிண்ணம் உயர்ந்திருக்கும்போதே தொட்டியை நிரப்புவது. இறக்கியதும் திரும்பி வரும் எண்ணெய்க்கு இடமின்றி அடைப்பான் வழியாகப் பீய்ச்சும். கிண்ணத்தை முழுதாக இறக்கிய பிறகே நிரப்ப வேண்டும். நிரப்பியபின் இறக்கும் வால்வைத் திறந்து வைத்துக் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை அடித்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். ஒரு துளிகூட வெளியே சொட்டாமல் ஜாக்கி மெல்ல இறங்கினால், சீலைக் குறை சொல்லும் முன் இறக்கும் வால்வையும் குண்டுகள் உட்காரும் இடத்தையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு துகள் அழுக்குதான் இருக்கும்.

எஃகு ஜாக்கிக்கு எதிராகவும் சொல்ல வேண்டியது உண்டு. 35 கிலோவைத் தூக்க முதுகு ஒத்துழைக்க வேண்டும். கிண்ணம் வளைவான பாதையில் ஏறுவதால் ஜாக்கி தானாக நகர்ந்து காருக்கு அடியில் போயாக வேண்டும். மண் தரையில் அதன் இரும்புச் சக்கரங்கள் புதைந்து நின்றுவிடும், அப்போது கிண்ணம் காரின் விளிம்பில் வழுக்கும். சிறிய ஜாக்கிக்கும் இதே குறை உண்டு என்றாலும், கனமானது இன்னும் ஆழமாகப் புதைகிறது. சிமெண்டுத் தரை இல்லாதவர்கள் கனமான பலகையை விரித்தே இதைப் பயன்படுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் டயர் மாற்றுபவருக்குச் சிறிய ஜாக்கியே போதும், அதையும் நான் மறுக்கவில்லை.

வாங்கும்போது ஈ.என். 1494 என்ற ஐரோப்பியத் தரக் குறிப்பு அல்லது ஏ.எஸ்.எம்.இ. பி.ஏ.எல்.டி. என்ற அமெரிக்கத் தரக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஜாக்கியைக் கவிழ்த்து, தொட்டி நட்டில் ஸ்பேனர் பிடிக்குமா, எண்ணெய் அடைப்பான் கைக்கு எட்டுமா, தகட்டில் மாடல் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண்ணைச் சொல்லி சீல் கிட் கேளுங்கள். கிடைத்தால் அன்றைக்கே ஒன்று வாங்கிவிடுங்கள், ஏனென்றால் மாடல் மாறிவிட்டால் கிட்டும் மறைந்துவிடும். என்னுடைய இரண்டாவது கிட், வெயில் படாமல் மூடிய உறைக்குள், ஸ்பேனர் பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஜாக்கி அதன் பக்கத்திலேயே, கிண்ணம் முழுதாக இறங்கிய நிலையில் நிற்கிறது.